சனிக்கிழமை மகாபலிபுரம், திங்கட்கிழமை ஆபீஸ்

1978 பிப்ரவரி 18. ஹவாயில் உள்ள ஓவாஹு தீவின் கடற்கரையில் 15 பேர் காலையில் தண்ணீரில் இறங்கினார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இந்தத் தூரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது என்று சொல்லித்தர அன்று ஆள் கிடையாது. ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு உதவியாளர்கள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோனது. அவர்கள் கையில் மிச்சமிருந்தது பீர். வேறு வழியில்லாமல் அதைக் குடித்தார். பின்னால் வந்த கார்டன் ஹாலர் அவரைத் தாண்டிக்கொண்டு போய் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக முடித்தார். ஹாலர் டாக்சி ஓட்டிய மனிதர். 15 பேரில் 12 பேர் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள்.

அயர்ன்மேன் என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த போட்டி இப்படித்தான் ஆரம்பித்தது. யோசனை ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கும் அவருடைய மனைவி ஜூடிக்கும் உரியது. நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் ஆகிய மூவரில் யாருக்கு உடல் உறுதி அதிகம் என்று நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தீவைச் சுற்றும் சைக்கிள் போட்டி 115 மைல். அது நீச்சல் முடியும் இடத்தில் தொடங்கி, மராத்தான் தொடங்கும் இடத்தில் முடிந்தால் வசதி என்று 3 மைலைக் குறைத்தார்கள். அந்த 112 மைல்தான் இன்றைக்கும் உலகமெங்கும் கடைப்பிடிக்கப்படும் 180 கிலோமீட்டர். அதற்கும் முன்னால், 1974 செப்டம்பர் 25 அன்று, சான் டியேகோவின் மிஷன் பேயில் 46 பேர் கலந்துகொண்ட ஒரு சிறிய போட்டி நடந்தது. ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்த நவீன டிரையத்லானின் பிறப்பு என்று அதைச் சொல்வார்கள். அது ஒரு புதன்கிழமை சாயங்காலம். காலின்ஸ் தம்பதி அதிலும் கலந்துகொண்டார்கள்.

டாக்சி ஓட்டியவரும் கடற்படை அதிகாரியும் வளர்த்தெடுத்த விளையாட்டு இது. ஐம்பது வருஷம் ஆகியும் அந்தக் குணம் மாறவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, தொழில்முறை வீரர்கள் வந்தார்கள், பரிசுப் பணம் வந்தது. ஆனால் எந்த அயர்ன்மேன் போட்டியிலும் தொடக்கக் கோட்டில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலானோர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். அவர்கள் வயதுவாரியாகப் பிரிந்து போட்டியிடுகிறார்கள். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பெயர் உண்டு: மடோனா பூடர், ஐம்பதை நெருங்கும் வயதில் ஓட ஆரம்பித்த அமெரிக்கக் கன்னியாஸ்திரி. 2012இல் கனடாவில் முழு அயர்ன்மேனை முடித்தபோது அவருக்கு வயது 82.

தூரங்களைச் சொல்லிவிடலாம். முழு அயர்ன்மேனுக்குப் பொதுவாக 17 மணி நேரக் கெடு. அதில் பாதி தூரம் கொண்டது 70.3: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்த மைல் கணக்குதான் அந்தப் பெயர். ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10. அதிலும் பாதி ஸ்பிரின்ட்: 750 மீட்டர், 20, 5.

நம் பக்கத்தில் இந்த அலை தாமதமாகத்தான் வந்தது. கொழும்பில் 2018 பிப்ரவரியில் 70.3 போட்டி நடந்தது. இந்தியாவின் முதல் 70.3 போட்டி 2019 அக்டோபர் 20 அன்று கோவாவின் மிராமார் கடற்கரையில். அதற்கு முன்னால் ஆர்வமுள்ள இந்தியர்கள் விமானம் ஏறி வெளிநாடு போக வேண்டியிருந்தது. நடிகர் மிலிந்த் சோமன் 2015இல் சூரிச்சில் முழு தூரத்தையும் முடித்தார். அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அனு வைத்தியநாதன் அவர்களுக்கெல்லாம் முன்னோடி. இந்தியாவில் இந்த விளையாட்டின் பெயரையே பலர் கேள்விப்படாத காலத்தில் தனியாளாகப் பயிற்சி செய்து அயர்ன்மேன் போட்டிகளை முடித்தவர், பிறகு அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 2025 நவம்பரில் கோவாவின் 70.3 போட்டியை அரசியல்வாதிகளான அண்ணாமலையும் தேஜஸ்வி சூர்யாவும் முடித்தபோது, அயர்ன்மேன் என்ற சொல் தமிழ்நாட்டு டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்தது.

செய்தியில் வருவது போட்டி நாள் மட்டும். கழுத்தில் பதக்கம், கையில் தேசியக் கொடி, ஒரு புகைப்படம். அந்த நாளுக்குப் பின்னால் ஆறேழு மாதங்கள், வாரத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது நடக்கும் உழைப்பு இருக்கிறது. இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வாரத்தைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் ஐ.டி. கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு, 70.3 போட்டிக்குப் பதிவு செய்திருக்கும் நாற்பது வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஒரு ஆள் என்று நினைக்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை காலையில் நின்றால் இவரைப் போன்றவர்கள் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை ஓய்வு. புதிதாக வருபவர்களுக்கு இதுதான் ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான பாடம். பயிற்சி செய்யும்போது தசை பலப்படுவதில்லை, களைத்துத்தான் போகிறது. அதன் பிறகு கிடைக்கும் தூக்கத்திலும் சாப்பாட்டிலும்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொண்டு முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாகிறது. ஓய்வு நாளைத் திருடிக் கூடுதலாக ஓடுகிறவர் இரண்டு மாதத்தில் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் உட்கார்ந்திருப்பார்.

செவ்வாய் நீச்சல். மூன்றில் இதுதான் நம்மவர்களுக்குப் பெரிய தடை. கிராமத்துக் கிணற்றிலும் கம்மாயிலும் நீந்திப் பழகியவர்கள்கூட நீச்சல் குளத்தில் 100 மீட்டர் போவதற்குள் மூச்சிரைத்து நின்றுவிடுவார்கள். காரணம் தெம்புக் குறைவில்லை. கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். தலை மேலே எழும்பினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு என்பதால், கையை எவ்வளவு வேகமாக வீசினாலும் சக்தியெல்லாம் எதிர்ப்பைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளேயே மூச்சை விட்டு, உடம்பைப் பக்கவாட்டில் உருட்டி வாயை மட்டும் வெளியே கொண்டுவந்து மூச்சை இழுக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வாக்கியம், உடம்பில் ஏறுவதற்குப் பல மாதம்.

வேளச்சேரியிலோ மெரினாவிலோ காலை பேட்ச் என்றால் ஒரு மணி நேரம்தான். 50 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 38 நீளம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நீச்சல் கற்க வந்த குழந்தைகள், குறுக்கே மிதக்கும் பெரியவர்கள், எதிரே வரும் மார்பு நீச்சல்காரரின் உதை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். நீச்சல் கண்ணாடிக்குள் பனி படரும். பத்தாவது நீளத்தில் சுவரைக் காலால் உந்தித் திரும்பும்போது கெண்டைக்காலில் சுளீரென்று பிடிக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி, கால் பெருவிரலை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்தால் இறுக்கம் விடும். வலி போனதும் பயம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆழமான பக்கத்தில் இது வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கே யோசித்துவிடுவது நல்லது.

புதன்கிழமை ஓட்டம். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடிவதற்குள் ஒரு மணி நேரம். அமெச்சூர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வேகமாக ஓடினால்தான் பயிற்சி என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. உலகத்தரமான தொலைதூர வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் ஆராய்ந்தார். அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் மிக நிதானமான வேகத்தில்தான் நடக்கிறது என்று கண்டார். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் நிதானத்துக்கு எளிய சோதனை. பேச முடியாமல் ஓடுகிறவர் தினமும் தன்னைப் பாதியளவு களைப்பாக்கிக்கொள்கிறார், உண்மையாகவே வேகமாக ஓட வேண்டிய நாளில் அவரிடம் எதுவும் மிச்சமிருக்காது. முழங்கால் வெளிப்பக்க வலி, குதிகால் வலி, கணுக்காலுக்கு மேல் எலும்போரம் வரும் வலி எல்லாம் பெரும்பாலும் தூரத்தையோ வேகத்தையோ திடீரென்று ஏற்றுவதால் வருபவை.

தெருநாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் ஓடும் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து விலகுவதே வழி. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூடவே கூடாது.

வியாழன் வீட்டுக்குள்ளேயே சைக்கிள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை இன்டோர் டிரெய்னரில் மாட்டி, எதிரே மின்விசிறியை வைத்து ஒரு மணி நேரம் மிதிப்பது. கீழே ஒரு துண்டு விரித்திருந்தாலும் வேர்வை தரையில் தேங்கும். வெள்ளிக்கிழமை மறுபடி குளம், கொஞ்சம் எடைப் பயிற்சி.

சனிக்கிழமைதான் வாரத்தின் பெரிய நாள். திருவான்மியூரிலிருந்து மகாபலிபுரம் போய்த் திரும்பினால் சுமார் 90 கிலோமீட்டர். 70.3 போட்டியின் சைக்கிள் தூரமும் அதுதான். நாலரை மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கெல்லாம் பின்னால் சிவப்பு விளக்கு மினுங்கச் சாலையில் இருப்பார்கள். உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி என்று ஊர்ப் பெயர்களை எண்ணிக்கொண்டு போனால் சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது மகாபலிபுரம் வந்துவிடும். சமமான ரோடு, கடல் காற்று. சென்னையைச் சுற்றி இதைவிட நல்ல சைக்கிள் பாதை கிடையாது. இதைவிட ஆபத்தானதும் அதிகம் கிடையாது. எதிர்த்திசையில் வரும் பைக், உரசிக்கொண்டு போகும் வேன், ஓரத்தில் படிந்திருக்கும் மணல் எல்லாமே விழவைக்கக் காத்திருக்கின்றன.

புதியவர்கள் முதல் முறை விழுவது பெரும்பாலும் சாலையில் வேகமாகப் போகும்போதில்லை, சிக்னலில் நிற்கும்போது. ரேஸ் சைக்கிளில் ஷூவின் அடிப்பாகம் பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் விடுபடும். பழக்கமில்லாதவர் பிரேக் பிடித்து நின்ற பிறகு காலை ஊன்றப் பார்ப்பார், கால் வராது. நின்ற இடத்திலேயே சைக்கிளோடு சாய்வார். முழங்கையில் சிராய்ப்போடு போனால் அதிர்ஷ்டம். கையை நீட்டி ஊன்றி விழுந்தால் தோள்பட்டைக் காறை எலும்பு முறியலாம். நிற்பதற்கு இருபது மீட்டர் முன்னாலேயே ஒரு காலை விடுவித்துக்கொள்வதை வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு முறை பழக வேண்டும்.

அப்புறம் பஞ்சர். கோவளத்தைத் தாண்டி ஒரு கண்ணாடித் துண்டு போதும், உஸ் என்று காற்று இறங்கிவிடும். பக்கத்தில் பஞ்சர் கடை இருந்தாலும் பிரச்சினை தீராது.

"அண்ணா, இதுக்குக் கொஞ்சம் காத்து அடிச்சுத் தர்றீங்களா?"

"தம்பி, இது என்ன வால்வு? நம்ம பம்ப்பு இதுக்கு மாட்டாதே."

பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு அது. தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். நம்மூர் பம்ப்புக்குப் பொருந்த பித்தளையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு அடாப்டர் கிடைக்கிறது. விலை மிகக் குறைவு. அதை வாங்கிப் பையில் போடாமல் கிளம்பியவர்கள் கோவளம் பஸ் ஸ்டாப்பில் ஆட்டோவுக்காக நிற்கிறார்கள். அடாப்டரோடு ஒரு மாற்று டியூப், டயரைக் கழற்ற இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல், சின்ன பம்ப் ஆகியவை இருந்தால் கால் மணி நேரத்தில் மறுபடி கிளம்பலாம். புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளோ கண்ணாடியோ அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் அதே கதை.

இந்தத் தொல்லை உலக சாம்பியனையும் விடவில்லை. இங்கிலாந்தின் கிறிஸி வெலிங்டன் அரசு வேலையில் இருந்தவர், அமெச்சூராகத் தொடங்கி 2007இல் ஹவாயில் உலகப் பட்டம் வென்றார். 2008இல் அதே போட்டியில் முன்னணியில் இருந்தபோது டயர் பஞ்சரானது. காற்று நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் பதற்றத்தில் வீணாகிப்போயின. சாலையோரம் நின்றவரை மற்றவர்கள் கடந்து போனார்கள். ஆஸ்திரேலியாவின் ரெபேக்கா கீட், போட்டியாளராக இருந்தும், தன்னிடமிருந்த குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸி டயரைச் சரிசெய்து, எல்லோரையும் மறுபடி பிடித்து, பட்டத்தைத் தக்கவைத்தார்.

மகாபலிபுரத்திலிருந்து திரும்பும் வழியில்தான் சாப்பாட்டுக் கணக்கு தெரியவரும். உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்துவைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிக்குத்தான் வரும். அது தீர்ந்தால் கால் நகராது, தலை சுற்றும், கோபம் வரும், சாலையோரம் உட்கார்ந்துவிடத் தோன்றும். பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். நீண்ட பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகள் விலை அதிகம். பேரீச்சை, வாழைப்பழம், இரண்டு இட்லியில் பொடி தடவிப் பொட்டலம் என்று நம் கைக்கு எட்டுவதிலேயே இந்தக் கணக்கைச் சரிசெய்யலாம். கடலை மிட்டாயைப் பலர் எடுத்துப்போகிறார்கள். அதில் கொழுப்பும் புரதமும் அதிகம், செரிக்க நேரமாகும், எனவே மெதுவாகப் போகும் நாளுக்குத்தான் அது ஏற்றது.

தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வேர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். பயிற்சி முடிந்து கழற்றிய கறுப்பு பனியனில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. இழந்த தண்ணீரை மட்டும் திரும்பக் கொடுத்து உப்பைக் கொடுக்காவிட்டால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரைப் பரிசோதித்த ஆய்வில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. குறைவாகக் குடித்தவர்களைக் காட்டிலும் அளவுக்கு மீறிக் குடித்து ஓட்டத்தின் முடிவில் எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம் இருந்தது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட நீர்மோரோ, எலுமிச்சைச் சாறில் உப்பும் சர்க்கரையும் கலந்ததோ, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ்.ஸோ கூட இருக்க வேண்டும். கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பார்த்தால் தன் உடம்பு மணிக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியதும் வேலை முடியவில்லை. ஷூவை மாற்றிக்கொண்டு உடனே அரை மணி நேரம் ஓட வேண்டும். பிரிக் பயிற்சி என்பது இதன் பெயர். மூன்றரை மணி நேரம் வட்டமாகச் சுற்றிய கால்கள் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மரத்துப்போனதுபோல இருக்கும், இடுப்பு நிமிராது. எட்டரை மணி வெயில் வேறு. உடம்பைப் போட்டிக்குத் தயார்ப்படுத்துவது இந்த அரை மணி நேரம்தான்.

வெயிலின் கொடுமைக்கு எவ்வளவு பெரிய வீரரும் விலக்கில்லை. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் உலகத் தொடரின் கடைசிப் போட்டி. முன்னணியில் ஓடிய ஜானி பிரவுன்லி எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் குடிகாரனைப் போலத் தள்ளாட ஆரம்பித்தார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டேர், இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து ஓடினார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் முந்திக்கொண்டு முதலாவதாக வந்தார். தம்பியை எல்லைக்கோட்டுக்குள் தள்ளிவிட்டு மூன்றாவதாக வந்தார் அண்ணன். உலகமே அந்தப் பாசத்தைக் கொண்டாடியது. மருத்துவர்கள் கவனித்தது தம்பியின் தள்ளாட்டத்தை. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, திசை தெரியாமல் போனால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்ற அவசர நிலை. அந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருப்பது தவறு.

எல்லா அசம்பாவிதத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதே இங்கே முக்கியம். பஞ்சரும் சிக்னலில் விழுவதும் பாடம் கற்றுத்தருபவை. வெயிலும் தண்ணீரும் உயிரைக் கேட்பவை. 1982 பிப்ரவரியில் ஹவாயில் கல்லூரி மாணவி ஜூலி மாஸ் முன்னணியில் ஓடிவந்து, எல்லைக்கோட்டுக்கு அருகே விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் தவழ்ந்தே முடித்தார். கேத்லீன் மெக்கார்ட்னி 29 விநாடி முந்தி வென்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். ஜூலியின் மனவுறுதி பெரியது. ஆனால் வாரப் பயிற்சியில் அதைப் பின்பற்ற நினைப்பவருக்கு யாராவது அன்பாக எடுத்துச்சொல்ல வேண்டும்: சாலையோரத்தில் மருத்துவக் குழு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில வாரம் நீண்ட ஓட்டம், சில வாரம் கடல் நீச்சல். குளத்தில் 38 நீளம் சுலபமாக முடிப்பவர் கடலில் இறங்கியதும் தடுமாறுவார். கீழே கோடு கிடையாது, சுவர் கிடையாது, தண்ணீர் கலங்கியிருக்கும். ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் மேலே தூக்கி, கரையிலுள்ள கட்டடத்தையோ மிதவையையோ பார்த்துத் திசையைச் சரிசெய்யாவிட்டால் நூறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருப்பார். ஜெல்லி மீன் உரசினால் தோல் தீயாய் எரியும். மெரினாவில் அலையும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் பல உயிர்களைப் பறித்திருக்கின்றன, அங்கே கடலில் குளிக்கப் போலீஸ் தடையே இருக்கிறது. பயிற்சிக்குப் போகிறவர்கள் கோவளம் பக்கம், கடலை அறிந்த மீனவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் இருக்கும் இடத்தில், குழுவாக, இடுப்பில் ஆரஞ்சு மிதவையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

இது மிகையான பயமில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளில் ஏற்பட்ட திடீர் மரணங்களையும் இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன நிகழ்வுகளையும் விபத்து மரணங்களையும் ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சல் பகுதியில் நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47ஐ ஒட்டியது, 85 சதவீதம் பேர் ஆண்கள். லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு என்பதால் இந்த விளையாட்டே ஆபத்தானது என்று சொல்ல முடியாது. ஆனால் இறந்தவர்களில் பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட பலருக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தது, அது அவர்களுக்குத் தெரியாது. நாற்பது வயதில் புதிதாகத் தொடங்கும் நம் ஆண்களை நினைத்துத்தான் இந்த எண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டின் கணக்கும் ஒன்று உண்டு. "ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருக்கக் கூடாதாங்க?" என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடர முடியாது. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாமனார் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, காய்கறி வாங்குவது எல்லாம் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் மனைவியின் தலையில். பெண்கள் இந்த விளையாட்டில் குறைவாக இருப்பதற்குத் தெம்புக் குறைவு காரணமே இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு அவர்களைத் தனியாகச் சாலைக்கு அனுப்பத் தயங்குகிறோம், ஏழு மணிக்கு அடுப்படியில் எதிர்பார்க்கிறோம். ஒரு நாள் கணவர் ஓடினால் மறுநாள் மனைவி நீந்தப் போகும் வீடுகள் சென்னையில் இருக்கின்றன. அங்கே சண்டையும் குறைவு, பயிற்சியும் நீடிக்கிறது.

அரசும் செய்ய வேண்டியது இருக்கிறது. 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வந்தது. அதேபோல மாவட்டத்துக்கு ஒரு பொது நீச்சல் குளமாவது ஐந்து மணிக்குத் திறக்கப்பட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி விடியற்காலைகளில் இரண்டு மணி நேரமாவது ஒரு தடத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கினால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்தால் முழு அயர்ன்மேனைப் பார்க்க வேண்டாம், ஸ்பிரின்ட் தூரத்தில் தொடங்கலாம். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை, பிரேக் நன்றாகப் பிடிக்கும் சாதாரண கியர் சைக்கிளே போதும். சைக்கிளை வாங்குவதற்கு முன்னால் இதய மருத்துவரிடம் ஒரு ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஏறாதீர்கள். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் கடலில் தனியாக இறங்காதீர்கள்.